எண்பத்தாறு பிள்ளைகள்

"ரெண்டு பிள்ளைங்கதான், ஐயா" என்றாள் இராக்கம்மா.

கணக்கப்பிள்ளை வைரவநாதன் நிமிர்ந்து பார்த்தார். லயத்து வரிசைவீட்டு வாசல் கொடியில் ஐந்து குட்டிச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"அப்ப மிச்ச மூணையும் ஆடா போட்டுக்குது?"

"பெத்த பிள்ளைங்கள எண்ணினா கண்ணு பட்டுடுமுங்க. நம்ம தோட்டத்துல யாரும் எண்ண விடமாட்டோம்."

1911ஆம் வருஷத்துக் குடிசன மதிப்புக் கணக்கெடுப்பு அது. ஹாலிஎலவுக்கு மேலேயுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பெரியவர்களின் கணக்கு தினமும் பேர் போடும் செக்ரோல் புத்தகத்திலேயே இருந்தது. பிள்ளைகளின் கணக்குத்தான் இழுபறி. சாயங்காலத்துக்குள் அது வராவிட்டால் வேறு கணக்கப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாகத் துரை சொல்லியிருந்தார். வைரவநாதன் வேலைக்கு வந்து மூன்று மாதந்தான்.

முள்ளை முள்ளால்தானே எடுக்க வேண்டும்?

"எண்ணின பிள்ளைக்கெல்லாம் கன்னத்துல மைப்பொட்டு வச்சுடுறேன். கண்ணு படாது, போதுமா?"

தாய்மாருக்குத் திருப்தி. எண்ணியதற்கு அடையாளமும் ஆயிற்றென்று அவருக்கு அதைவிடத் திருப்தி. ஆனால் அடுத்த லயத்தில் அத்தனை பிள்ளைகளும் ஏற்கெனவே பொட்டோடு நின்றன. கணக்கப்பிள்ளையின் கண்ணே பட்டுவிடக் கூடாதென்று தாய்மார் முந்திக்கொண்டார்கள்.

இனி எண்ணியது எது, எண்ணாதது எது? காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்துக்கு வரும் பிள்ளைக்கு ஆளுக்கொரு துண்டு கருப்பட்டி என்று தப்படித்துச் சொல்லச் செய்தார். வந்தார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் வந்தார்கள். கருப்பட்டி தீர்ந்தபோது கணக்கு முந்நூற்றைத் தாண்டியிருந்தது.

தலையில் கைவைத்தபடி ஆபீசுக்கு வந்து பழைய புத்தகத்தைப் புரட்டினார். 1901இல், முன்பிருந்த கணக்கப்பிள்ளையின் முத்துமுத்தான கையெழுத்தில் 'பிள்ளைகள் 86' என்றிருந்தது. மகராசன்! பத்து வருஷத்தில் ஜனம் பெருகாமலா இருக்கும்? இருபத்தாறைக் கூட்டி, 112 என்று எழுதிக் கொடுத்தார்.

துரை இரண்டு கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பூரித்துப்போனார்.

"ரொம்ப நல்லது! பள்ளிக்கூடம் ஒண்ணு கட்டணும். பதுளை சர்க்கார் கச்சேரிக்கு இப்பவே எழுது."

வேலை நிலைத்தது. திரும்பும் வழியில் இராக்கம்மா ஆடுகளை ஓட்டிக்கொண்டு எதிரே வந்தாள். வைரவநாதனுக்கு ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது.

"ஏம்மா, போன தடவை வந்த ஐயாவ மட்டும் எண்பத்தாறு பிள்ளைங்களையும் எப்படி எண்ண விட்டீங்க?"

"எங்கேங்க விட்டோம்? கூடாதுன்னு சொன்னதும், தங்கமான மனுசன், எங்க ஆடுங்கள எண்ணி எழுதிக்கிட்டுப் போயிட்டாரு!"