ஒன்பது பன்னிரண்டுக்கே டெலிவரி ஆன கார்

தான் படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போடுவது நாகரிக மனிதனுக்கு மட்டுமே கைவந்த கலை. வேறெந்தப் பிராணிக்கும் இது வராது. குதிரைக்கு லாடம் அடிக்கப் போனால்கூட அது ஒரு உதையாவது விட்டுப் பார்க்கும்.

எங்கள் காரின் வைப்பர் இரண்டு மாதமாக அசையவில்லை. வேறு சமயமாக இருந்தால் அதன் போக்கில் விட்டிருப்பேன். அன்று மூன்று மணிக்கு என் மகளுக்கு டிரைவிங் டெஸ்ட். முதல் தடவை ரிவர்ஸ் எடுத்துக் கம்பத்தில் இடித்தாள். இரண்டாம் தடவை, வைப்பர் ஆடவில்லை என்று வண்டியில் ஏறவே விடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது மூன்றாவது. திங்கட்கிழமை லைசென்ஸோடு வந்தால்தான் வேலை என்று மருந்துக் கம்பெனியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

ஆகவே கோடவுனில் ராத்திரிக் காவல் முடிந்த கையோடு, காலை ஒன்பது மணிக்கு சர்வீஸ் சென்டரில் போய் நின்றேன்.

அங்கே ஒரு இளைஞர் டை கட்டிக்கொண்டு, துக்க வீட்டில் பேசுவது போன்ற குரலில் பேசினார்.

"வைப்பர்தானே சார்? அரை மணி நேர வேலை. இங்க, இங்க, இங்க, அப்புறம் பின்பக்கம் மூணு. மொத்தம் ஆறு கையெழுத்து."

"என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை பார்த்துக்கறேனே."

"தாராளமா பாருங்க சார்." அவர் எனக்குப் பின்னால் நின்ற வரிசையைப் பார்த்தார். வரிசை என்னைப் பார்த்தது. "எல்லாரும் போடறதுதான் சார். உங்க நேரத்தை மிச்சப்படுத்தத்தான்."

ஆறையும் போட்டேன். அவர் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். மணி ஒன்பது பன்னிரண்டு.

பிறகு என்னை 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிக் கூடம்' என்ற அறைக்கு அனுப்பினார்கள். எழுந்திருக்க முடியாத சோபாவும், சத்தமில்லாத டிவியும், காகிதக் கப்பில் வெந்நீர் மட்டும் தரும் காபி மெஷினும் இருந்தன. அங்கே ஒன்றரை மணி வரை மகிழ்ந்தேன்.

வெளியே வந்து கண்ணாடி வழியே பார்த்தால், காலையில் நான் நிறுத்திய இடத்திலேயே கார் நிற்கிறது.

"தம்பி, வைப்பர் என்னாச்சு?"

டைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "உங்க வண்டி டெலிவரி ஆயிடுச்சே சார்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ஒன்பது பன்னிரண்டுக்கு."

"அதோ நிக்குதே, அது யாரோடது?"

அவர் எட்டிப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார். "அதைத்தான் சார் காலையிலேர்ந்து நாங்களும் விசாரிச்சிட்டிருக்கோம்."

மகள் போன் பண்ணினாள். "அப்பா, எங்க இருக்கீங்க?"

"வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டேனாம்மா. எங்கேன்னுதான் தெரியல."

இதற்குள் 'மகிழ்ச்சி மேலாளர்' வந்து சேர்ந்தார். அந்தப் பதவியில் இருப்பவர் சிரிக்கவே கூடாது போலிருக்கிறது. என் காகிதத்தை உயர்த்திப் பிடித்தார்.

"இதோ ஆறாவது கையெழுத்து. 'வேலை முடிந்து வாகனத்தைத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்.' நடக்காத வேலைக்கு எப்படி சார் கையெழுத்துப் போட்டீங்க? பொறுப்பு வேண்டாமா?"

எனக்குச் சுருக்கென்றது. "எனக்கா பொறுப்பில்லை? கையெழுத்தோட அருமை தெரிஞ்சவன் சார் நான். கோடவுனே என் கையெழுத்துலதான் நிக்குது!" என்று எகிறினேன்.

"சரி, இப்பவாவது வைப்பரை மாத்திக் கொடுங்க" என்றேன், குரலைத் தணித்து.

"முடிஞ்ச வேலைய மறுபடி செய்யணும்னா புகார் தரணும். திருப்தின்னு எழுதிக் கொடுத்தவங்க ஏழு நாளைக்குப் புகார் தர முடியாது. ரூல் அப்படி."

"எங்க இருக்கு அந்த ரூல்? படிங்க பார்ப்போம்!"

அவர் வீராப்பாகப் படிக்க ஆரம்பித்தார். கடைசிக்கு வந்ததும் குரல் கம்மியது. அங்கே, 'மேற்கண்ட அனைத்தையும் வாடிக்கையாளருக்கு வாசித்துக் காட்டினேன்' என்று டைக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். அதற்குக் கீழே, 'வாசித்துக் காட்டியதை நான் நேரில் கண்டேன்' என்று மேலாளரே போட்டிருந்தார்.

மேலாளர் அந்தக் காகிதத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு வழி இருக்கு சார்" என்றார் மேலாளர் மெல்ல. "அந்த வண்டிய, ஆளில்லாம நின்ன வண்டின்னு உங்ககிட்ட ஒப்படைச்சிடறோம். ஒரே ஒரு கையெழுத்து. இந்தத் தடவை நிதானமாப் படிச்சுட்டே போடுங்க."

மணி இரண்டு இருபது. படிக்க ஏது நேரம்? போட்டுவிட்டு, காகிதங்களை வாங்கி சீட்டில் எறிந்து, அந்த ஆளில்லாத வண்டியில் பறந்தேன். வைப்பர் அசையவே இல்லை.

டெஸ்ட் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வானம் கறுத்துக் கிடந்தது. மகள் முகமும் அப்படித்தான். ஆய்வாளர் நேராக முன்கண்ணாடிக்கு வந்தார்.

"வைப்பர் ஓடுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சீட்டில் கிடந்த சர்வீஸ் காகிதத்தை எடுத்து நீட்டிவிட்டாள். அவர் முத்திரையைப் பார்த்தார். ஆறு கையெழுத்தையும் எண்ணினார்.

"திருப்தின்னு போட்டிருக்கே. யார் கையெழுத்து?"

"எங்க அப்பாவோடது சார்."

"அப்ப சரி." தன் ஃபாரத்தை பானெட் மேல் வைத்து, கிளப்புதல், திருப்புதல், பின்னால் எடுத்தல், நிறுத்துதல் என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் டிக் போட்டுக் கையெழுத்திட்டார். "பாஸ்."

"சார், நான் இன்னும் வண்டியே எடுக்கலையே?"

"உன் நேரத்தை மிச்சப்படுத்தத்தாம்மா. மழை வருது பாரு."

மழை வந்தேவிட்டது. நாங்கள் இருவரும் காருக்குள் பாய்ந்தோம், மகள் டிரைவர் சீட்டில். பின்கதவைத் திறந்துகொண்டு ஆய்வாளரும் ஏறினார்.

"போற வழியில என்னை வீட்ல எறக்கி விட்டுடுங்க. ம், வைப்பரைப் போடும்மா."

"அது ஓடாது சார்."

"ஓடாதா? திருப்தின்னு இருந்துச்சே!"

"எனக்கு ரிவர்ஸும் இன்னும் சரியா வராது சார். நீங்கதான் வரும்னு போட்டுட்டீங்க." அவள் சாவியைத் திருப்பினாள்.

ஆய்வாளர் சத்தமில்லாமல் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டார். "மழை நிக்கட்டுமே. என்ன அவசரம்?"

மழை நிற்க ஏழு மணி ஆகிவிட்டது. ஆய்வாளருக்கு அதனால் நஷ்டமில்லை. சாயங்காலம் ஐந்து மணி வரை ஆபீசில் இருந்ததாக அவர் காலையிலேயே எழுதி வைத்துவிட்டாராம். அதைக் கேட்டு மகள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா! ஆறு மணிக்கே உங்களுக்கு ட்யூட்டி ஆச்சே? இப்ப கோடவுன்ல யார் காவல் இருக்கா?"

"நான்தாம்மா" என்றேன். காவல் நோட்டில் இன்றைய ராத்திரிக்கான ஆறு ரவுண்டு கையெழுத்தையும், காலையில் கிளம்பும்போதே போட்டுவிட்டு வந்திருந்தேன்.