பவளத்துக்கு ஓர் இரவு

ஆஸ்திரேலியாவில் செலவாகும் காகிதத்தில் பாதியை அரசாங்கம் செலவழிக்கிறது. மீதிப் பாதியை ஃபைலண்ணை செலவழிக்கிறார். அந்த இரண்டாவது பாதியில் பெரும் பகுதிக்கு முத்திரை குத்திக் கை வலித்தவன் நான். ஆகவே என்னை யாரும் மறுத்துப் பேச வேண்டாம்.

அவருடைய சொந்தப் பெயர் சிட்னியில் நாங்கள் இருக்கும் டூங்கபியில் எவருக்கும் தெரியாது; கக்கத்தில் எப்போதும் ஒரு ஃபைல் இருப்பதால் ஃபைலண்ணை. வயது ஐம்பதுக்குள் இருக்கும். படகில் வந்து பதின்மூன்று வருடம். தற்காலிக விசா, அது முடிய இன்னொரு தற்காலிக விசா, அதற்குப் பிறகு ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்ற கடிதம். இந்த நாட்டில் யாரிடமும் எதையும் வெறுங்கையோடு போய்க் கேட்கக்கூடாது என்பதுதான் இவ்வளவு காலத்தில் அவர் படித்த ஒரே பாடம். நூலக அட்டை எடுக்கப் போனபோது தன் நெஞ்சு எக்ஸ்ரேயையும் கொண்டு போனார். எங்கள் வீட்டுப் பிறந்தநாள் விருந்துக்கு வந்தபோது, நான் அனுப்பிய அழைப்பை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தார். “வாசலில ஆரும் கேட்டால் காட்டத்தானே” என்றார். வாசலில் நின்றவள் என் மனைவி.

ஊரில் சமாதான நீதவான், அதாவது ஜேபி, என்றால் ஒரு மதிப்பு. முற்றத்தில் நாலு பேர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். சிட்னியில் நானும் அதே பதவியில்தான் இருக்கிறேன். வியாழன் மத்தியானத்தில் எங்கள் பகுதி நூலகத்தில், போட்டோகொப்பி மெஷினுக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஒரு மடக்கு மேசை. ஒறிஜினலைப் பார்த்து, கொப்பியைப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று கையெழுத்து வைக்க வேண்டும். மற்ற நாட்களில் பரமட்டாவில் மொழிபெயர்ப்பாளன். இரண்டு வேலையிலும் சட்டம் ஒன்றுதான்: இருப்பதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

ஒரு வியாழன் ஃபைலண்ணை வந்து ஒரு போட்டோவை என் முன்னால் வைத்தார். அதில் ஒரு செந்நிறக் குதிரை. கிழடு. முழங்கால்கள் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தன.

“இந்தப் போட்டோவில நிக்கிறது இவாதான் எண்டு ஒரு கையெழுத்து வையுங்கோ, ஜேபி ஐயா.”

“ஆர் இவா?”

“பவளம்.”

“நான் ஒறிஜினலைப் பாக்காமல் கையெழுத்து வைக்கேலாது, ஃபைலண்ணை. சட்டம்.”

அத்தோடு தொல்லை விட்டது என்று நினைத்தேன். அடுத்த வியாழன் வந்தார். “ஒறிஜினல் வெளியில நிக்குது” என்றார்.

வெளியே போய்ப் பார்த்தேன். நூலகக் கார் தரிப்பிடத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்துக்குப் பக்கத்தில், குதிரை ஏற்றும் ட்ரெய்லர் ஒன்று. உள்ளேயிருந்து பவளம் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. கையெழுத்து வைத்தேன். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டது அந்த நிமிடத்தில்தான்.

கதை இதுதான். சிட்னிக்கு மேற்கே ஒரு மோல்டாத் தீவுக்காரக் கிழவரின் தோட்டத்தில் ஃபைலண்ணை வேலை செய்தார். அந்தக் கிழவருடைய குதிரை பவளம். சின்ன வயதில் வண்டி இழுத்துப் பந்தயம் ஓடியதாம். அப்போது அதற்கு வைத்திருந்த பெயர் ‘ஃபைனல் நோட்டீஸ்’. அந்தப் பெயரைச் சொன்னால் ஃபைலண்ணைக்கு நெஞ்சு படபடக்கும் என்பதால் பவளம் என்று மாற்றிவிட்டார். கிழவர் சாகும்போது குதிரையையும் ட்ரெய்லரையும் இழுக்கிற பழைய வாகனத்தையும் இவருக்கு விட்டுப்போனார். காணியை மகன் வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டான். மாதக் கடைசியில் புல்டோசர் வரும். அதற்குள் குதிரை போகாவிட்டால் மிருக வைத்தியரைக் கூப்பிட்டு ஊசி போட்டுவிடச் சொல்வேன் என்று மகன் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

போக இடம் இருந்தது. மெல்பேணுக்கு இந்தப் பக்கம், இவரோடு ஒரே படகில் வந்த சிநேகிதர் ஒருவருக்குப் பழத்தோட்டம் ஒன்றில் வேலை. அங்கே பின்காணியில் விடலாம். ஆனால் வைத்தியர் ஒரு நிபந்தனை போட்டார். அந்த முழங்கால்களோடு நாலைந்து மணித்தியாலத்துக்கு மேல் ட்ரெய்லரில் நிற்க முடியாது. வழியில் ஓர் இரவு இறக்கி, நடக்க விட்டு, படுக்க விட வேண்டும்.

ஓர் இரவு. அவ்வளவுதான் தேவை. குதிரையோடு தங்கக்கூடிய ஒரு முகாம், சுற்றி ஒரு வேலி, ஒரு வாளி தண்ணீர்.

“காசு குடுத்தால் பெரிய லொறியில ஏத்திக்கொண்டு போவாங்கள்” என்றேன்.

“தெரியாத ஆக்களோட, இருட்டுக்குள்ள, எங்க போறம் எண்டு சொல்லாமல்...” என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். நானும் பிறகு லொறியைப் பற்றிப் பேசவில்லை.

முகாம் தேடித் தொலைபேசி அடிக்கும் படலம் பரமட்டாவை அடுத்த ஹரிஸ் பார்க்கில் ஓர் இனிப்புக்கடையில் நடந்தது. என் சாப்பாட்டு நேரம் முழுக்க அதற்கே போனது. மேசையில் நாற்பத்தொரு பக்க ஃபைல். பவளத்தின் போட்டோ முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும். தடுப்பூசி அட்டை. நன்னடத்தைச் சான்றிதழ் இரண்டு: ஒன்று கோயிலில் வாங்கியது, மற்றது கிரிக்கெட் கிளப்பில் வாங்கியது. கோயில்காரர் ‘இவர் சைவ உணவு மட்டுமே உண்பவர்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. கடைசியில் ‘பவளம் ஏன் திரும்பிப் போக முடியாது’ என்ற தலைப்பில் ஆறு பக்கக் கூற்று.

முதல் இடத்தில் குதிரைக்கு அனுமதி உண்டு, ஆனால் சவாரி கிளப் அங்கத்தவர்களுக்கு மட்டும் என்றார்கள். யார் சவாரி செய்வது என்று கேட்டார்கள். ஒருவரும் சவாரி செய்வதில்லை என்றேன். பிறகெதற்குக் குதிரை என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு நாற்பத்தொரு பக்கத்திலும் பதில் இல்லை.

கரவன் என்ற வீட்டுவண்டிகள் நிறுத்தும் இடங்களில் மின்சாரம், வெந்நீர், பிள்ளைகள் குதிக்கும் பெரிய தலையணை எல்லாம் உண்டு, குதிரைக்கு மட்டும் இடமில்லை. வனப்பூங்கா ஒன்றில் எடுத்த எடுப்பிலேயே முடியாது என்றார்கள். ஃபைலண்ணை விடவில்லை. முழு ஃபைலையும் தபாலில் அனுப்பினார். ‘உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, குதிரைகளுக்கு அனுமதி இல்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதற்கு மேன்முறையீடு செய்தார். பாவம் அந்த வனக்காவலர், தன் வாழ்நாளில் மேன்முறையீடு ஒன்றையும் கண்டிருக்க மாட்டார். என்னைத் தொலைபேசியில் அழைத்து, “இந்தக் குதிரைக்கு ஏதும் வழக்கு இருக்கிறதா?” என்று மெல்லிய குரலில் கேட்டார்.

இன்னோர் இடத்தில் வாருங்கள் என்றே சொன்னார்கள். களைவிதை கலக்காத வைக்கோல் மட்டும் கொண்டுவர வேண்டும், சாணத்தில் விதை விழுந்தால் காடு கெட்டுவிடும் என்றார்கள். நியாயம்தான். அதற்கென்று உறுதிச் சான்றோடு விற்கிற வைக்கோலே இருக்கிறது. ஃபைலண்ணை அதை வாங்கினார். வாங்கியும் மனம் ஆறாமல், இரண்டு நாள் குந்தியிருந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் ஒவ்வொரு தும்பாகப் பார்த்தார். மூன்றாம் நாள் அந்த இடத்திலிருந்து செய்தி வந்தது: வெள்ளத்தில் வேலி போய்விட்டது, மறு அறிவித்தல்வரை முகாம் மூடப்பட்டுள்ளது.

அன்றைக்குத்தான் அவர் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். “வன்னியில இருந்து கிறிஸ்மஸ் தீவுத் தடுப்புக் காம்ப் வரைக்கும் எத்தினை காம்பில இருந்தனான், ஐயா. ஒரு காம்பிலயும் இடமில்லை எண்டு சொல்லேல்லை. தள்ளி இருங்கோ எண்டுதான் சொன்னவங்கள்.”

நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்கு என்மேலேயே எரிச்சலாக இருந்தது. நான் விமானத்தில் வந்தவன். முப்பது வருடத்துக்கு முன்பு, சன்னலோரத்து ஆசனத்தில், தக்காளிச்சாறு குடித்தபடி வந்தேன்.

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்பார்கள். குதிரை கெட்டால் அந்தச் சுவரும் இல்லை என்பதை நான் பத்தொன்பது தொலைபேசி அழைப்புகளில் கற்றுக்கொண்டேன். மாதம் முடிய ஐந்து நாள் இருக்கையில், ஃபைலண்ணை நூலகத்துக்கு வந்து என் முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்தார். கையில் ஃபைல் இல்லை. பதின்மூன்று வருடத்தில் அவரை அப்படி யாரும் கண்டதில்லை.

“விடுங்கோ, ஐயா” என்றார். “நான் அந்த வைத்தியரோட கதைச்சிட்டன். ஊசி போடேக்க நான் பக்கத்தில நிக்கலாமாம். அதுக்கு ஃபோம் ஒண்டும் நிரப்பத் தேவையில்லையாம்.”

போட்டோகொப்பி மெஷினில் யாரோ மறந்துவிட்டுப் போன காகிதத்தை எடுத்து நேராக்கி வைத்தார். “எனக்கு ‘இல்லை’ எண்டு கேட்டுக் கேட்டுப் பழகிப்போச்சு. அவாவுக்குப் பழக்கமில்லைத்தானே.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்று தெரியாத கோபம். அவர் போனதும் தொலைபேசியை எடுத்தேன். மெல்பேண் பாதையில், யாஸ் என்ற ஊரைத் தாண்டி ஒரு சின்ன ஊரின் பெயரை வரைபடத்தில் பார்த்து, அந்த ஊர் விவசாயக் கண்காட்சி மைதானத்தின் பராமரிப்பாளருக்கு அடித்தேன். வருடத்தில் இரண்டு நாள் கண்காட்சி, மற்ற நாட்களில் லாயங்கள் சும்மா கிடக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வயதான பெண் குரல் ஒன்று எடுத்தது. நான் பவளத்தின் பிறப்பிலிருந்து ஆரம்பித்தேன். அவள் இடையில் மறித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அவளுக்கு அப்பிள் பிடிக்குமா?”

பிடிக்கும் என்றேன். அப்படியென்றால் கொண்டு வா, பின் கேற்றைச் சாத்திவிட்டு வா, செம்மறிகள் வெளியே போய்விடும் என்றாள். வைத்துவிட்டாள்.

ஓடிப்போய் ஃபைலண்ணையிடம் சொன்னேன். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், மனிதரின் முகம் இருண்டுபோனது.

“பேர் கேக்கேல்லையோ?”

“இல்லை.”

“பிறந்த திகதி?”

“இல்லை, ஃபைலண்ணை.”

“அப்ப இது சரிவராது. எழுத்தில தரச் சொல்லுங்கோ. வாயால சொன்னவங்கள் எல்லாம் பிறகு சொல்லேல்லை எண்டு சொன்னவங்கள்.”

குதிரையின் உயிர் ஐந்து நாளில் தொங்குகிறது, இந்த மனிதருக்கு எழுத்து வேண்டும்! திட்டினேன். கடல் தாண்டி நல்லூர் வரைக்கும் கேட்கும்படி திட்டினேன். அசையவில்லை. கடைசியில் அந்தப் பெண்மணியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவளிடம் மின்னஞ்சல் இல்லை. குறுஞ்செய்தி அனுப்பினாள்: ‘சரி கண்ணு, குதிரையைக் கொண்டு வா.’ அதைப் பெரிதாக்கி அச்செடுத்து, ஒறிஜினலைத் தொலைபேசியில் பார்த்து, கொப்பியில் முத்திரை குத்திக் கொடுத்தேன். பிறகுதான் வைக்கோலை ஏற்றினார்.

“என்னை ஒரு நாளும் காம்பிங் கூட்டிக்கொண்டு போகேல்லை. குதிரையோட போறியள்” என்று என் மனைவி வழியனுப்பி வைத்தாள். நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வழியில் யாராவது மறித்துக் கேட்டால் இவர் நாற்பத்தொரு பக்கத்தையும் வாசித்துக் காட்டுவார் என்ற பயம் எனக்கு. மூன்று மணித்தியாலப் பாதையில் ஐந்து மணித்தியாலம் போனோம். அரை மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, இறங்கி, பின்னால் போய், “இன்னும் கொஞ்ச தூரம்தான் அம்மா” என்று சொல்லிவிட்டு வந்தார். ஃபைல் என் மடியில் இருந்தது.

வெயில் சாயத் தொடங்கும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். தகரக்கூரை லாயங்கள், நல்ல மரவேலி, ஒரு தண்ணீர்த்தொட்டி. றப்பர் பூட்ஸ் போட்ட கிழவி ஒருத்தி அப்பிள் வாளியோடு வந்தாள். ஃபைலண்ணை ஃபைலை இரண்டு கையாலும் நீட்டினார். கண்ணாடி வீட்டில் கிடக்கிறது என்று சொல்லி அதை வேலிக்கட்டையில் வைத்துவிட்டு, ஒரு பழைய பதிவுப் புத்தகத்தை மட்டும் கொடுத்தாள். வருகிறவர்கள் பெயரையும் தங்கும் இரவுகளையும் எழுத வேண்டிய புத்தகம். அவர் ‘ஒன்று’ என்று எழுதி, பக்கத்தில் ‘மட்டும்’ என்றும் எழுதினார்.

கிழவி குதிரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து முழங்கால்களைத் தடவினாள். பவளம் அவள் தோளில் தாடையை வைத்துக்கொண்டது. இந்தக் காலோடு நாளைக்கு இவளை எங்கேயும் ஏற்றக்கூடாது, லாயம் சும்மாதானே கிடக்கிறது, அவள் விரும்பின காலம் வரைக்கும் இங்கேயே இருக்கட்டும் என்றாள். சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்தாள்.

ஃபைலண்ணை என் பக்கம் திரும்பினார்.

“என்ன சொல்லுறா?”

அவருக்கு விளங்கவில்லை என்று நான் ஒரு கணமும் நம்பவில்லை. பதின்மூன்று வருடமாக ஆங்கில விசாரணைக் கடிதங்களை அகராதியில்லாமல் வாசிக்கிறவர். ஆனாலும் சொன்னேன். “விரும்பின காலம் வரைக்கும் இருக்கலாமாம்.”

“திருப்பிச் சொல்லுங்கோ.”

சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பவளம் அப்பிள் தின்பதைப் பார்த்தபடி நின்றார். அவருடைய விசா முடிவுக் கடிதம் அன்றைக்கும் வந்திருக்கவில்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் வரவில்லை.

“குதிரைக்கு மட்டும்தானே சொல்லுறா?” என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருடமாக நான் மொழிபெயர்ப்பாளன். மூலத்தில் இல்லாத ஒரு சொல்லையும் சேர்த்ததில்லை. அன்றைக்கு மட்டும், “இல்லை அண்ணை, ரெண்டு பேருக்கும்தான்” என்று சொன்னேன்.