பலகைக்குக் கீழே ஒரு தும்மல்

காஞ்சிபுரத்தில் மூக்கை வைத்துப் பிழைத்த ஒரே தச்சர் அவர்தான். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் தெருவுக்கு அவர் மோப்பக்காரர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வேலையாகத் தரையில் குப்புறப் படுத்து முகர்வார். குடிக்கத் தண்ணீர் கேட்பதெல்லாம் பிறகுதான். ஒரு கல்யாண மண்டபத்தில் மேடையின் மூன்றாம் படியை முகர்ந்துவிட்டு, இது தாங்காது என்றார். வெளியே அனுப்பிவிட்டார்கள். கால் மணி நேரத்தில் வீடியோக்காரர் அந்தப் படிக்குள் முட்டிவரை இறங்கியிருந்தார்.

எங்கள் கூடத்தில் முன்பு குழித்தறி இருந்தது. தறியைச் செவிலிமேட்டுக் கொட்டகைக்கு மாற்றியதும், நெய்பவர் காலை இறக்கி உட்காரும் அந்தக் குழியைத் தூர்க்காமல், மேலே சட்டம் அடித்துக் கூடம் முழுக்கப் பலகை போட்டார் அப்பா. எலி வருகிறதென்று காற்றுத் துளையைச் சிமெண்டால் அடைத்தார். ஓதம் ஏறியது. அதை மறைக்கப் பலகை மேல் பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டினார்.

அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கூடத்தில் ஊறிய சாக்கு நாற்றம். மோப்பக்காரர் வந்தார், படுத்தார், வயிற்றாலேயே நகர்ந்து நட்டநடுவில் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"மேல பளபளன்னு இருக்குது. கீழ தோசை மாவாட்டம் ஆயிடுச்சிபா. மூச்ச அடச்சிட்டு, ஏன் செத்துச்சின்னு என்னிய கேக்குற."

உடனே புதுப் பலகை போடச் சொன்னார் அப்பா. குழி காயப் பத்து நாளாகும், அதற்குமுன் போட்டால் அதுவும் மக்கும் என்று மோப்பக்காரர் மறுத்துவிட்டார். நாளைத் தள்ளவும் வழியில்லை. மழையால் ஏற்கெனவே ஒருமுறை தள்ளியாயிற்று; மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு தடவை பொறுக்க மாட்டார்கள். காற்றுத் துளையைத் திறந்து, சட்டத்துக்கு ஒரு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

நிச்சயத்தன்று காலை மோப்பக்காரர் வந்து பார்த்தால், முட்டு ஈர மண்ணில் நாலு விரல் இறங்கியிருந்தது. வாசலில் மாப்பிள்ளையின் பெரியப்பா ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவர் இறங்கியதும் ஆட்டோ அரை அடி உயர்ந்தது. அவரை ஓரத்தில் உட்கார வைத்தால் சம்பந்தமே போய்விடும். மோப்பக்காரர் பலகையைத் தூக்கிக் குழிக்குள் இறங்கினார். சட்டத்துக்கு அடியில் தோளைக் கொடுத்தார்.

"மூடுபா."

பெரியப்பா வட்டத்தின் மேலேயே சப்பணமிட்டார். பத்திரிகை வாசித்தார்கள். தட்டைக் கையில் எடுத்த நேரத்தில் தரைக்கடியிலிருந்து ஒரு தும்மல்.

பெரியப்பா தன் முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தார். "யாருய்யா கீழ?"

"தச்சன்பா. நீ அசையாம குந்து. தட்ட மட்டும் மாத்துங்க."

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை. அப்புறம் அக்கா. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை; சிரித்தால் வயிறு குலுங்கும் என்ற கவலை அவருக்கு. தட்டு மாறியது.

மேலே தூக்கியபோது மோப்பக்காரரின் தோளில் சட்டத்தின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது. அம்மா நீட்டிய கேசரியை முகர்ந்து, "ஏலக்கா பழசுமா" என்றார். இரண்டு தட்டு சாப்பிட்டார்.

குழி காய்ந்த பிறகு அவரே புதுச் சட்டமும் பலகையும் போட்டார். யானை ஏறினாலும் தாங்கும். அவர் காலமாகி இரண்டு வருடமாகிறது. அக்கா இன்றைக்கும் அம்மா வீட்டுக்கு வந்தால், நடுக்கூடத்தில் மட்டும் காலை மெதுவாக வைக்கிறாள், அவர் தோள் வலிக்கக்கூடாது என்பது போல.