ஓரன் கெட்டுப்போன மூன்று நாள்

இந்த ஒரு படத்துக்காவது நீரஜாவின் வாயிலிருந்து ஒரு சொல்லைக்கூட எடுப்பதில்லை என்று திங்கட்கிழமை காலை பரத்வாஜ் முடிவு செய்தார். குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, சுவாமி படத்துக்கு முன்னால் நின்று எடுத்த முடிவு. மத்தியானம் வரை தாங்கியது.

பரத்வாஜ் வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறவர். அபிராமபுரத்து வீட்டில் படத்தை லேப்டாப்பில் ஓடவிட்டு, வெள்ளைக்காரன் வாய் எங்கே மூடுகிறதோ அங்கே ஒரு ‘ப’வோ ‘ம’வோ விழும்படி வாக்கியம் அமைக்க வேண்டும். இருபது வருடமாக இதே வேலை. யார் எதிரே நின்று பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் உதட்டைப் பார்க்கும் பழக்கம் அதில் வந்தது.

அவர் எழுதினால் உதடு பொருந்திவிடும். உயிர்தான் வராது. உயிருக்கு மனைவி நீரஜா இருந்தாள். அவள் சமையலறையில் யாரையாவது எதற்காவது ஏதாவது சொல்வாள். பரத்வாஜ் தண்ணீர் குடிக்க வந்தவர்போல நின்று கேட்டுவிட்டு, உள்ளே போய்க் குறித்துக்கொள்வார். ஒருமுறை தண்ணீர்த் தொட்டி விஷயமாகக் குடியிருப்புச் சங்கத்தின் செகரட்டரி சண்டைக்கு வரப்போகிறார் என்று தெரிந்தபோது அவள் சொன்னாள்: “வரட்டும். வாசல்ல நிக்கட்டும். வந்த வழி எதுன்னு நான் ஞாபகப்படுத்தறேன்.” ஆறு மாதம் கழித்து, ‘விண்மகுடம்’ இரண்டாம் பாகத்தில், ஆயிரம் போர்க்கப்பல்களைப் பார்த்து மிரேல் மகாராணி அதையே சொன்னாள். தியேட்டரில் விசில் பறந்தது.

“எப்படி சார் இதெல்லாம் தோணுது?” என்று கேட்டார்கள்.

“நாகேஸ்வர ராவ் பார்க்கில் நடக்கும்போது தானா வரும்” என்றார் பரத்வாஜ். அப்படிப் பதினோரு படங்கள் வந்தன.

இப்போது ‘விண்மகுடம்’ மூன்றாம் பாகம். டப்பிங் படத்தில் வசனகர்த்தாவின் பெயர் கடைசியில்தான் ஓடும். ஜனங்கள் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று யோசித்துக்கொண்டு வெளியேறும் நேரத்தில். இந்த முறை ஆரம்பத்திலேயே, திரை முழுக்க, தனிக் கார்டு போடுவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. பரத்வாஜ் அதைக் குடியிருப்பு முழுக்கச் சொன்னார். பார்க்கில் சொன்னார். தி. நகரில் இருக்கும் மைத்துனி ஸ்ரீரஞ்சனிக்கு ஃபோன் செய்து சொன்னார். தன் பெயருக்குக் கீழே தன் சொல்தான் இருக்க வேண்டும் என்கிற முடிவு அதனால் வந்ததுதான்.

கதையில் ஒரு சிக்கல். ஓரன் என்கிற தளபதி ஏழு கிரகங்களைக் காப்பவன், உத்தமன். மூன்றாம் பாகத்தில் கெட்டுப்போகிறான். கறுப்புத் தலைக்கவசம் ஒன்றை மாட்டிக்கொண்டு, தான் காத்த நகரத்தின் சூரியனையே அணைக்கிறான். கவசம் ஏறிவிட்டால் உதடு தெரியாது. ‘ப’வைத் தேட வேண்டாம், எவ்வளவு நீளமாகவும் எழுதலாம். பரத்வாஜ் எழுதி அனுப்பினார். மத்தியானம் டப்பிங் டைரக்டர் ஷாஹுல் ஹமீது ஃபோன் செய்தார். சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்த குரல். ஸ்பீக்கரில் போடாமலே வீடு முழுக்கக் கேட்கும்.

“இன்னா சார் இது? ஒரு மனுசன் கெட்டுப் போறான். ரேஷன் கார்டுல விலாசம் மாத்துற மாதிரி கீது.”

“‘அறத்தின் பாதை அகன்றேன்’னு எழுதியிருக்கேனே?”

“அகன்று எங்க சார் போனான், பஸ் ஸ்டாண்டுக்கா? நம்ம வீட்டுக்குள்ளயே இருக்குற நல்ல ஆளு திடீர்னு கெட்டுப்போனா எப்டி இருக்கும்? அப்டி வேணும். வெள்ளிக்கிழமை ரெக்கார்டிங். அதுக்குள்ள வரலேன்னா கம்பெனில வேற ஆளப் பார்ப்பாங்க. கார்டும் போயிடும், சொல்லிட்டேன்.”

பரத்வாஜ் யோசித்தார். நல்ல மனிதர் கெட்டுப்போகும்போது என்ன சொல்வார்? அவருக்குத் தெரிந்து, சொல்லத் தெரிந்த நல்ல மனிதர் சமையலறையில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதரைக் கெட்டுப்போக வைத்தால் வசனம் தானாக வரும். யாராவது சீண்ட வேண்டும், அவ்வளவுதான். கலைக்காக எதையும் செய்யலாம் என்று பரத்வாஜ் தீர்மானித்தார்.

செவ்வாய்க்கிழமை காலை. சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஃபோனை ரெக்கார்டு போட்டு ஒளித்துவைத்துவிட்டு, காபியை ஒரு வாய் குடித்தார்.

“இது காபியா?”

“நேத்திக்குக் குடிச்ச அதே காபிதான்.”

“இத்தனை வருஷம் கொடுத்ததைக் குடிச்சேன். வாயைத் திறக்கலை. இனிமே திறப்பேன்!” டம்ளரை அப்படியே தொட்டியில் கவிழ்த்தார்.

நீரஜா மிக்ஸியை நிறுத்தினாள். “இன்னொரு தரம் சொல்லுங்கோ. மிக்ஸி சத்தத்துல சரியா கேக்கலை.”

பரத்வாஜ் இன்னொரு தரம் சொன்னார். இந்தத் தடவை கையையும் உயர்த்தினார்.

“சரி” என்றாள் நீரஜா. நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் ஏதோ எழுதினாள். மளிகைக்கு எழுதுகிறாள் போலிருக்கிறது, காபிப் பொடியை மாற்றப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு பரத்வாஜ் குளிக்கப் போனார். பிறகு கேட்டுப் பார்த்ததில், அவர் கத்தியது போக, மிக்ஸியும் அவளுடைய ஒரு ‘சரி’யும்தான் மிச்சம்.

புதன்கிழமை ஸ்ரீரஞ்சனி ஒரு டப்பாவில் திரட்டுப்பால் கொண்டுவந்தாள். போகும்போது அக்கா கொடுத்த ஊறுகாயைப் பையில் வைத்தாள். பரத்வாஜ் ஹாலின் நடுவில் வந்து நின்றார்.

“உங்க வம்சத்தையே எனக்குத் தெரியும். சிரிச்சுண்டே வருவா. போறச்சே பாதியைச் சுருட்டிண்டு போவா. இன்னியோட அந்தக் கதை முடிஞ்சுது!”

ஸ்ரீரஞ்சனி பயந்துவிட்டாள். “அக்கா, அத்திம்பேருக்கு உடம்புக்கு என்ன?”

“இருடி, முழுசா பேசட்டும்” என்றாள் நீரஜா. நாள்காட்டித் தாள் இன்னொன்று கையில் இருந்தது. “சுருட்டிண்டா, வாரிண்டா?”

“சுருட்டிண்டு!”

“அதான் நன்னா இருக்கு.”

நீரஜா கெட்டுப்போகிற வழியாக இல்லை. ராத்திரி ரசம்கூட நன்றாகவே இருந்தது. ஆனால் பரத்வாஜுக்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தது. முதல் நாள் கத்தியதும் குளிக்கப் போய்விட்டார். இரண்டாம் நாள் ஹாலிலேயே நின்றார். மூன்றாம் நாள் காலையில் அவரே ஆவலோடு எழுந்தார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கிரைண்டரில் இட்லி மாவு பாதி அரைபட்டுக்கொண்டிருந்தபோது போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். கிரைண்டர் நின்றது, மின்விசிறி நின்றது, ஜன்னல் இல்லாத சமையலறை இருண்டது.

“இந்த ஆத்துல எப்போ வெளிச்சம், எப்போ இருட்டுன்னு இனிமே நான்தான் தீர்மானிப்பேன்!”

குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. தனக்கு இப்படி ஒரு குரல் இருப்பது ஐம்பத்திரண்டு வயதுவரை அவருக்குத் தெரியாது. பிடித்திருந்தது. இருட்டில் தாள் கிழியும் சத்தம் கேட்டது.

“அவ்வளவுதானா?” என்றாள் நீரஜா.

“அவ்வளவுதான்.”

“அப்போ மெயினைப் போடுங்கோ. மாவு பாதில நிக்கறது.”

போட்டார்.

வெள்ளிக்கிழமை, ‘அகன்றேன்’ என்பதை ‘விலகினேன்’ என்று மாற்றி எடுத்துக்கொண்டு தேனாம்பேட்டை ஸ்டூடியோவுக்குப் போனார். உள்ளே ஒலிப்பதிவு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. திரையில் ஓரன் சபையின் பொற்கிண்ணத்தைக் கவிழ்த்தான். “இத்தனை வருஷம் கொடுத்ததைக் குடிச்சேன். வாயைத் திறக்கலை. இனிமே திறப்பேன்!” என்றான். மிரேல் மகாராணியின் பக்கம் திரும்பி, அவள் வம்சமே சிரித்துக்கொண்டு வந்து பாதியைச் சுருட்டிக்கொண்டு போகிற வம்சம் என்றான். பிறகு வானத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினான். “இந்த அண்டத்துல எப்போ வெளிச்சம், எப்போ இருட்டுன்னு இனிமே நான்தான் தீர்மானிப்பேன்!” சூரியன் அணைந்தது.

“புல்லரிக்குது சார்” என்றான் சவுண்ட் இன்ஜினியர் அனிருத்.

பரத்வாஜுக்கும் புல்லரித்தது. ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் ஷாஹுல் ஹமீதின் கையிலிருந்த மூன்று நாள்காட்டித் தாள்களைப் பார்த்தார்.

“இது யார் எழுதினது?”

“இன்னா சார், ஒரே வீட்ல இருந்துக்கினு தெரியாதா? மேடம்தான். செவ்வாய்க்கிழமை ஃபோன் பண்ணேன், நீங்க குளிச்சிக்கினு இருக்கீங்கன்னு அவங்க எடுத்தாங்க. ‘இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு, வியாழக்கிழமைக்குள்ள முழுசா கெட்டுடும்’னாங்க. கம்பெனில கேட்டேன், கார்டும் மாத்திட்டாங்க.”

அனிருத் கார்டைக் காட்டினான். தமிழ் வசனம்: நீரஜா. திரை முழுக்க, தனியாக.

மூலை நாற்காலியில் நீரஜா ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அது நான் பேசினது!” என்றார் பரத்வாஜ்.

“ஆமாம்.”

“ஒவ்வொரு வார்த்தையும் என்னோடது!”

“ஆமாம். எழுதினது நான்.”

“பேசினவாளுக்குத்தானே சொந்தம்? நியாயம்னு ஒண்ணு இருக்கோல்லியோ?”

நீரஜா ஃபிளாஸ்கை மூடினாள். “பாய், இவர் சொல்றது ரொம்ப நியாயம். பேசினவாளுக்குத்தான் சொந்தம்னா, முன்னாடி வந்த பதினோரு படத்தையும் கொஞ்சம் எடுங்கோ. அந்த ஆயிரம் கப்பல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். அதை நான் ஸ்ரீரஞ்சனியோட தியேட்டர்ல பார்த்தேன். செகரட்டரியைச் சொன்னதை மகாராணி சொல்றா. ஊரே விசிலடிக்கறது. எழுந்து நின்னு எல்லாருக்கும் ஒரு கும்பிடு போடலாமான்னு இருந்துது.” பரத்வாஜின் பக்கம் திரும்பினாள். “சர்க்கரை டப்பாவுக்குப் பின்னாடி ஃபோன் ஒளிஞ்சிண்டிருந்தபோதே தெரிஞ்சுபோச்சு, இந்தத் தடவை என்ன வேணும்னு.”

பரத்வாஜ் பழக்கத்தில் அவள் உதட்டையே பார்த்தார். எல்லாம் பொருந்தியிருந்தது.

“எடுக்கட்டுமா சார், பழைய படங்கள?” என்றார் ஷாஹுல் ஹமீது.

“வேண்டாம்.”

“அப்போ ஒரு ஒத்தாசை பண்ணுங்க. கடைசி சீன்ல மகாராணி பக்கத்துல ஒரு காவக்காரன் நிக்கிறான். அவனுக்குக் குரல் குடுக்குற ஆளு வரல. ரெண்டே வார்த்தை.”

பரத்வாஜ் கண்ணாடி அறைக்குள் போய் மைக் முன்னால் நின்றார். கையில் ஒரு நாள்காட்டித் தாள் கொடுத்தார்கள், வெள்ளிக்கிழமை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீரஜா காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

“உத்தரவு, மகாராணி” என்றார் பரத்வாஜ்.

முதல் டேக்கே ஓகே ஆனது. இருபது வருஷத்தில் இவ்வளவு இயல்பாக யாரும் சொன்னதில்லை என்றார் ஷாஹுல் ஹமீது.