பதினெட்டு அறைக் கோட்டை

கிர்ர்... கிர்ர்...

தகரப் பெட்டி தரையில் இழுபடுகிற சத்தம் சந்து முனையிலேயே கேட்டது. துறைமுகத்தில் ராத்திரி முழுக்கக் கிரேன் ஓட்டிவிட்டு, காலையில் ராயபுரத்துக்குத் திரும்பிய பேட்ரிக் டொலனுக்குத் தூக்கம் பறந்தது. மனைவி ஆலிஸ் மூட்டை கட்டுகிறாள்! சம்மதித்துவிட்டாள்!

மூன்று மாதப் பாடு. சிப்பாயாக வந்த கொள்ளுத்தாத்தாவின் அயர்லாந்து ஊரை, மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பிடித்தான். பக்கத்திலேயே அரிசி அளவுக்கு ஒரு கோட்டைப் படம். அது கொள்ளுத்தாத்தாவின் கோட்டைதான் என்று அவனே தீர்ப்பும் எழுதிக்கொண்டான். கப்பலேறிப் போய்க் குடியேற மனுவும் தயார்.

வெளியே சொல்லாத காரணம் ஒன்று உண்டு. அடுத்த போர்ஷனில் மாமியார் தங்கபுஷ்பமும் மூன்று மைத்துனர்களும் இருந்தார்கள். அவனுடைய சட்டையை அவன் போட்ட நாளைவிட அவர்கள் போட்ட நாள் அதிகம்.

ஆலிஸ் பெட்டிமேல் வரைபடத்தை விரித்து, பென்சிலும் கையுமாக இருந்தாள்.

“கோட்டையில எத்தினி ரூமுன்னீங்க?”

“பதினெட்டு! கொறையவே கொறையாது.”

“அப்போ சரியாக் கீது. கீழ ரூம் அம்மாவுக்கு, முட்டி வலி பாருங்க. மாடி தம்பி தங்கப்பாண்டிக்கு. ராசையா குடும்பத்துக்கு ரெண்டு...”

“இன்னாடி சொல்றே?”

“எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மாப்ளைக்கு இன்னா மனசுன்னு அம்மா அழுதுகினு கீது.”

“அங்க குளிருடி!”

“கம்பளி வாங்கிக்கலாம்.”

“கூரையே இல்லடி! இடிஞ்சி கீது!”

“தம்பிங்க மூணு பேரு இன்னாத்துக்குக் கீறானுங்கோ? ஒரே வாரத்துல மேஞ்சிடுவானுங்க.”

கோட்டையை மனதில் பார்த்தான்: வெளியே ஓயாத மழை. உள்ளே மாமியார். வேறு கதவில்லை. பேட்ரிக்குக்குக் கண் இருண்டது. ஆனால் அவன் முடிவெடுத்தால் எடுத்ததுதான். மனுவைக் கிழித்தான். வரைபடத்தோடு சுருட்டி அடுப்பில் செருகினான். அயர்லாந்து எரிந்து காபித் தண்ணீர் கொதித்தது.

மாமியாரைத் தேற்ற வேண்டுமே என்று அடுத்த போர்ஷனுக்குப் போனான். தங்கபுஷ்பம் இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“மனசு ஒடிஞ்சிடாதீங்க அத்தை. கோட்டைக்குப் போகல.”

“எந்தக் கோட்டை, மாப்ளே? எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லலியே!”

திரும்பிப் பார்த்தான். வாசலில் ஆலிஸ் நின்றாள். சிரிக்கக்கூட இல்லை.

தங்கபுஷ்பம் இறால் தட்டைப் பாதி அவன் பக்கம் தள்ளினாள். பேட்ரிக் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினான்.