ஏழு கடிதங்களும் ஒரு கட்டை விரலும்

செய்யாத வேலையைச் செய்து முடித்துவிட்டதாக எழுதுவதற்குத் தனித் திறமை வேண்டும். என் இருபத்திரண்டாவது வயதில் அந்தத் திறமை என்னிடம் ஏராளமாக இருந்தது. வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறேன். அந்த வெட்கம் அப்போதே வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

யுத்தம் முடிந்திருந்த சமயம். சிந்தாதிரிப்பேட்டையில், வீடுகளுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுக்கொடுக்கும் காண்டிராக்டர் ரங்கையா நாயுடுவிடம் நான் குமாஸ்தா. புகார் செய்யும் வீட்டுக்காரர்களுக்குப் பதில் எழுதுவது என் உத்தியோகம். பி.ஏ. பரீட்சையில் சரித்திரத்தில் கோட்டை விட்டிருந்தாலும் இங்கிலீஷில் தேறியிருந்தேன். அந்த இங்கிலீஷை யார் தலையிலாவது கட்டியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்தேன்.

வசமாக அகப்பட்டவர் சாந்தோம் ஞானம்மாள் டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். தம் வீட்டு மாடியில் ஒரு குளியலறை கட்டி, மொட்டை மாடியில் இரும்புத் தொட்டி வைத்து, அதிலிருந்து குழாய் இறக்கும் வேலையை நாயுடுவிடம் ஒப்படைத்திருந்தார். நாயுடுவின் ஆட்கள் பாதி வேலையோடு போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். டீச்சர் புகார் எழுதினார். நான் பதில் எழுதினேன். இப்படி ஆறு மாதத்தில் ஏழு கடிதங்கள்.

முதல் ஆறு கடிதங்களிலும் குற்றவாளி யுத்தம். பைப் கிடைக்காததற்கு யுத்தம், ஆள் வராததற்கு யுத்தம். உலகமெல்லாம் துப்பாக்கியைக் கீழே வைத்த பிறகும் நான் மட்டும் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து யுத்தத்தைத் தொடர்ந்து நடத்திவந்தேன். டீச்சரிடமிருந்து பதில் வராது. என் கடிதமே திரும்பி வரும், சிவப்பு மையில் பிழை திருத்தப்பட்டு. ஐந்தாவது கடிதத்துக்குப் பத்துக்கு நாலு மார்க் கிடைத்தது. (ரோஷம் வந்தது. குழாய்க்காக அல்ல, மார்க்குக்காக.) ஏழாவது கடிதத்தில் ஒரே போடாகப் போட்டேன்: "வேலை அநேகமாக முடிந்துவிட்டது. தாங்கள் தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி."

அந்த வீட்டை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

இந்த நிலைமையில் தியாகராய நகரில் பங்களா கட்டிக்கொண்டிருந்த ஒரு வக்கீல், "நீர் வேலை செய்த ஏதாவது ஒரு வீட்டுக்காரர் திருப்தி என்று எழுதிக் கொடுக்கட்டும், என் வேலையைத் தருகிறேன்" என்று நாயுடுவிடம் சொல்லிவிட்டார். நாயுடு யோசித்துப் பார்த்தார். திருப்தியானவர் ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஏம்பா சபாபதி, அந்த டீச்சரம்மா படிச்சவங்க. உன் இங்கிலீஷுக்கு மடங்குவாங்க. போய்க் கையெழுத்து வாங்கிக்கினு வா. வாங்காம ஆபீஸ் பக்கம் வராதே, நைனா."

ஒரு வெள்ளிக்கிழமை காலை, சலவைக் கோட்டும், நானே எழுதிய 'திருப்தி' சர்ட்டிபிகேட்டுமாக சாந்தோம் போய்ச் சேர்ந்தேன். கதவு திறந்திருந்தது. இரண்டு கையிலும் இரண்டு வாளித் தண்ணீரோடு ஓர் அம்மாள் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். நான் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டேன். (அதுதான் மரியாதை என்று அப்போது நினைத்தேன்.)

"யாரு?" என்றார் திரும்பாமலே.

"நாயுடு கம்பெனி குமாஸ்தாங்க. சபாபதி."

வாளிகள் நின்றன. "ஓ! லெட்டர் எழுதறவரா? மேல வாங்க தம்பி."

மாடியில் ஒரு சாய்வு நாற்காலியில் அவருடைய அண்ணன் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். தந்தி ஆபீசில் வேலை பார்த்தவர். ஒரு முழங்கால் மடங்காது. படி இறங்க முடியாது. அவருக்காகத்தான் அந்தக் குளியலறை.

டீச்சர் அதைச் சுற்றிக் காட்டினார். பளபளவென்று ஒரு குழாய் சுவரில் பதிந்திருந்தது. திருகினேன். பூப்போலத் திரும்பியது.

"அருமையா திரும்புது, இல்லையா?" என்றார் டீச்சர். "பின்னாடி பைப்தான் இல்லை."

உண்மைதான். தொட்டியிலிருந்து வரும் பைப், குழாய்க்கு இரண்டு அடி தள்ளி, மார்பு உயரத்தில் அந்தரத்தில் நின்றது. அதன் வாயில் சாக்குத் துணி சுற்றிய ஒரு மரக்கட்டையை அடித்திருந்தார்கள். தரையில் கழிவுநீர் போக ஒரு துவாரம். எட்டிப் பார்த்தால் கீழே சமையலறை அடுப்பு தெரிந்தது.

"தொட்டியை நிரப்பச் சொன்னீங்களே, நேத்து ஆள் வச்சு நிரப்பிட்டேன். இப்ப வேலை முடிஞ்சுதான்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. எனக்குக் கீழ குழம்பு கொதிக்குது" என்று இறங்கிப் போனார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அதற்கு இந்த மாதிரி சமயங்கள்தான் பிடிக்கும்.) மேலே தண்ணீர் இருக்கிறது. தடுப்பது இந்தக் கட்டை ஒன்றுதான். அதை உருவி, ஒரு வாளி தண்ணீர் பிடித்து, "தண்ணீர் வருகிறதே அம்மா!" என்று காட்டிவிட்டால் கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்?

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கட்டை முதலில் மறுத்தது. பிறகு ஒரேயடியாகச் சம்மதித்தது.

தண்ணீர் என் மார்பில் மோதிய வேகத்தில் நான் எதிர்ச்சுவருக்குப் போனேன். கட்டை கையிலிருந்து எகிறி, தரையில் உருண்டு, துவாரத்தில் இறங்கியது. கீழே தொபுக்கென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து அடுப்பு அணையும் 'உஸ்' சத்தம். அதையும் தொடர்ந்து "சேசுவே!" என்ற குரல்.

உள்ளங்கையால் அடைத்தேன். பக்கவாட்டில் பீய்ச்சியது. கடைசியில் கட்டை விரலைப் பைப்புக்குள் செருகினேன். நின்றது.

டீச்சர் கரண்டியோடு வந்து நின்றார். சொட்டச் சொட்ட நின்ற என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"அம்மா, அந்தக் கட்டை..."

"மீன் குழம்புல கிடக்கு."

"தயவுசெஞ்சு எடுத்துக் குடுங்கம்மா."

"குடுக்கிறேன். உங்க நாயுடு வந்து கையில வாங்கிக்கட்டும். எதிர்வீட்டு டாக்டர்கிட்ட போன் இருக்கு, கூப்பிட்டுச் சொல்றேன். விரலை எடுத்துராதீங்க தம்பி, அண்ணன் ரூம் நனைஞ்சிரும்."

விரலை உருவிக்கொண்டு ஓடியிருக்கலாம். ஆனால் எழுந்து போக முடியாத மனிதர் ஐந்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நின்றேன்.

சவரிமுத்து பக்கத்து அலமாரியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்தார்.

"இதெல்லாம் நீங்க எழுதினதா?"

என் ஏழு கடிதங்கள்! திருப்பி அனுப்புமுன் டீச்சர் நகல் எடுத்து வைத்திருக்கிறார்.

"சும்மா நிக்கிறதுக்கு, வாசிக்கிறேன் கேளுங்க" என்று ஆரம்பித்தார். நிறுத்தி நிதானமாக, அரைப்புள்ளிகூட விடாமல் வாசித்தார். என் எழுத்தை அதற்கு முன் நான் காதால் கேட்டதில்லை. உலக யுத்தத்தின் தவிர்க்கவொண்ணாத விளைவுகள், கப்பல் போக்குவரத்தின் இடர்ப்பாடுகள், தங்கள் மேலான பொறுமை. இங்கிலீஷில் இன்னும் நீளம். வலது கட்டை விரல் மரத்துப் போய் இடது விரலுக்கு மாற்றிய இடைவெளியில் மறுபடி முழுக்க நனைந்தேன்.

"முப்பது வருஷம் தந்தி அடிச்சவன் நான்," என்றார் அவர். "இதை எங்கிட்ட குடுத்திருந்தா 'பைப் இல்லை'ன்னு அடிச்சிருப்பேன். ரெண்டே வார்த்தை."

"ஆமாங்க."

ஐந்தாவது கடிதத்தைக் கையில் எடுத்தவர், வாசிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். "இது வந்த அன்னிக்குத்தான் தங்கச்சி படியில விழுந்தா, வாளியோட. இடுப்புல அடி. கட்டில்ல படுத்துக்கிட்டுத்தான் உங்களுக்கு மார்க் போட்டா."

அந்த நாலு மார்க் அதிகம் என்று அப்போதுதான் புரிந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து நாயுடு மூச்சிரைக்க வந்தார். கூடவே குழாய் பூட்டும் பிட்டர் முனுசாமி. தொட்டியை வைத்தவன் அவன்தான். குளியலறையை எட்டிப் பார்த்தான்.

"இன்னா சார் இது? பைப்பைப் புட்ச்சிக்கினு நிக்கிறே?"

"விட்டா தண்ணி வரும்ப்பா!"

"மேல தொட்டியாண்ட வால்வு கீதே சார். அத்த மூடறதுதானே?"

சொல்லிக்கொண்டே மொட்டை மாடிக்கு ஏறினான். நான் ஐந்து எண்ணுவதற்குள் விரல் நுனியில் முட்டிக்கொண்டிருந்த தண்ணீர் அடங்கிப்போயிற்று.

டீச்சரைப் பார்த்தேன். "வால்வு இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. தொட்டி வச்ச அன்னிக்கே முனுசாமி காட்டிக் குடுத்தாரு."

"எனக்கும் தெரியும்," என்றார் சவரிமுத்து.

நாயுடு நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார். "அம்மா, இந்த யுத்தத்துல பைப்பு கெடைக்காம..." என்று தொடங்கினார். (என் ஆறாவது கடிதம், இரண்டாவது பத்தி.) அதற்குள் திரும்பி வந்த முனுசாமி, கள்ளமில்லாதவன், குறுக்கே புகுந்தான். "பைப்பு எங்க போவும் நைனா? மாம்பலத்துல அந்தப் புது வூட்டுக்குப் போட்டோமே, அந்தப் பைப்பு இவங்களுதுதானே?"

அறையில் சொட்டுத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. என் கோட்டிலிருந்துதான்.

"நாளைக்கே ஆளுங்கள அனுப்பறேம்மா," என்றார் நாயுடு மெல்ல.

"இன்னைக்கே. வேலை முடியற வரைக்கும் இந்தத் தம்பி இங்க இருக்கட்டும்."

"வச்சுக்கங்கம்மா," என்றார் நாயுடு. கண நேரம்கூட யோசிக்கவில்லை.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. அந்த இரண்டு நாளும் காலையிலிருந்து சாயந்தரம் வரை மாடிக்குத் தண்ணீர் தூக்கியவன் நான். முப்பத்தேழு வாளி. (எண்ணினேன். வேறு என்ன செய்ய?) முதல் முதலாகக் குழாயில் தண்ணீர் வந்தபோது சவரிமுத்து அதைத் திறப்பதும் மூடுவதுமாக வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். டீச்சர் கதவருகில் நின்று பார்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சர்ட்டிபிகேட்டைக் கேட்டார். கையெழுத்துப் போட்டு, அடியில் சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்தார்: "வேலை முடிந்தது. குமாஸ்தாவின் இங்கிலீஷ் சுமார். விரல் உறுதியானது."

வக்கீல் அதைப் படித்துவிட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வர, பங்களா வேலையை எங்களுக்கே கொடுத்தார். அதன் பிறகு, வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு கடிதமும் எழுதக்கூடாது என்பது ஆபீசில் சட்டமாயிற்று. சட்டம் போட்டது நாயுடு அல்ல, நான்.

மூன்று வருஷம் கழித்துக் கல்யாணமானபோது இதை என் மனைவி வேதவல்லியிடம் ஒரு வீரக் கதையாகத்தான் சொன்னேன். கடமை, பொறுமை, விரல் வலி எல்லாம் சேர்த்து. வால்வு வந்த இடத்தில் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இன்னும் நிறுத்தவில்லை. பூட்டைத் திறக்க முடியாமல் நான் மல்லாடினாலும், யாரோடாவது அரை மணி நேரம் வாதாடினாலும், குடும்பத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள்: "மேலே வால்வு பார்த்தாச்சா?"

எங்கள் பெண் கல்யாணத்தன்று காற்றில் பந்தல் கால் ஒன்று சாய்ந்தது. சம்பந்தி பார்க்கிறாரே என்று ஓடிப்போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் ஆயிற்று. வேதவல்லி வந்தாள். என்னைப் பார்த்தாள், காலடியில் கிடந்த கயிற்றைப் பார்த்தாள், எல்லார் காதிலும் விழும்படி அதே கேள்வியைக் கேட்டாள். எங்கள் வீட்டார் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சம்பந்தி மட்டும் பயபக்தியோடு அண்ணாந்து பந்தலைப் பார்த்தார்.

பாவம், அது ஏதோ எங்கள் குடும்பத்துச் சம்பிரதாயம் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. அவர்கள் வீட்டுச் சீமந்தத்தில் பந்தல் போட்டதும் எங்களை ஓரமாக அழைத்து, "உங்க வழக்கப்படி மேலே வால்வு பார்க்கணுமே, அதை யார் பார்க்கணும்? தாய்மாமனா?" என்று கேட்டார்.