பிறேக்கைப் பிடியுங்கோ, மாமா

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இருபத்துமூன்று வயதில் நான் ஒரு முழு விசரன். அரை விசரன் என்று என் மனைவி இரக்கப்பட்டுச் சொல்லுவாள், நம்பாதீர்கள். லொறி ஓட்டும் லைசென்ஸ் கைக்கு வந்து அப்போது மூன்று கிழமை. அதைச் சட்டைப்பையில் பாதி வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டுதான் குளிக்கவும் போனேன். (கிணற்றடியில் யாருக்குக் காட்டினாய் என்று கேட்காதீர்கள்.)

வட்டக்கச்சிச் சின்னத்தம்பி மாமா என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறி, காட்டை வயலாக்கியவர். இரண்டு போகம் நன்றாக விளைந்த கையோடு ஒரு பழைய லொறி வாங்கினார். தன் லொறியைத் தானே ஓட்டவேண்டும் என்று பிடிவாதம். பழகுகிறவர் பக்கத்தில் லைசென்ஸ்காரன் ஒருவன் இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்த ஒருவன் நான்.

மாமாவின் மூத்தவள் பூமணியை எனக்குக் கேட்டு அம்மா அப்போதுதான் கதை தொடங்கியிருந்தா. மாமா "யோசிப்பம்" என்று சொல்லியிருந்தார். ஆகவே நான் லொறியில் ஏறியது மாமாவைப் பழக்க அல்ல, கவிழ்க்க. (கவிழ்த்தேன் என்பது உண்மைதான்.)

சட்டதிட்டமெல்லாம் எனக்குப் பாடம். முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' பலகை கட்டவேண்டும். பின்னால் ஆட்களை ஏற்றக்கூடாது. பக்கத்தில் இருப்பவன் வீதியிலிருந்து கண்ணை எடுக்கக்கூடாது. கைப்பிறேக் அவன் கைக்கு எட்டவேண்டும். முக்கியமாக, கட்டளை ஒரே சொல்லில் இருக்கவேண்டும்: பிடி, விடு, மிதி, திருப்பு. இவ்வளவையும் மாமாவின் முற்றத்தில் நின்று, குசினிக்குள் இருந்த பூமணிக்குக் கேட்கும் குரலில் ஒப்புவித்தேன்.

கேட்டது மாமிக்கு. "சும்மாதானே போறியள். எங்களையும் கோயிலடியில இறக்கிவிடுங்கோவன்" என்று வெளியே வந்தா.

"மாமி, சட்டத்தின்படி..." என்று தொடங்கினேன். பூமணி பின்பெட்டியில் ஏறினாள். சட்டம் இறங்கியது.

பிறகு, என் பக்கத்துக் கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். பின்னால் வரும் வாகனம் தெரிவதற்கு என்று மாமாவிடம் சொன்னேன். அதில் வாகனம் ஒன்றும் தெரியவில்லை, பூமணி தெரிந்தாள்.

அந்த ஒரு சொல் கட்டளை இருக்கிறதே, அதைப் பெண் கொடுக்கப்போகிற மனிதரிடம் நீங்கள் சொல்லிப் பாருங்கள். "பிடி" என்பதா? "மிதி" என்று சொல்லியிருந்தால் அம்மா என்னை மிதித்திருப்பா. ஆகவே நான் சொன்னது இப்படி:

"மாமா, குறை நினைக்காதேங்கோ. கிளச்சை ஒருக்கால் அமத்துறீங்களோ?"

"என்னடா தம்பி, கலியாண வீட்டுக்குச் சொல்லுறமாதிரிச் சொல்லுறாய்?" என்றார் மாமா, சந்தோசமாக.

முன்வீட்டு வேலியைப் பற்றி நான் தொடங்கிய வசனம் முடியுமுன் வேலி முடிந்திருந்தது. மாமா அதைப் பொருட்படுத்தவில்லை. மாட்டுவண்டி ஓட்டிய மனிதர்; எதிரே எது வந்தாலும் லொறி தானாகப் பார்த்து விலகும் என்று நம்பினார். என்னைவிட அவருக்கு லொறியில் மரியாதை.

கோயிலுக்குத் திரும்பும் இடத்தில் வீதி வாய்க்கால் ஓரமாக வளையும். வளைவு வந்தபோது நான் கண்ணாடிக்குள் இருந்தேன். நிமிர்ந்து பார்த்தேன், வாய்க்கால் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. கைப்பிறேக்குக்குக் கையை நீட்டினேன். அதன்மேல் மாமாவின் வேட்டி கிடந்தது. மாமனாராக வரப்போகிறவரின் வேட்டிக்குள் கைவிடுவதற்குச் சட்டத்தில் வழியில்லை.

"மாமா..." என்றேன்.

"சொல்லு தம்பி" என்று வீதியை விட்டு என் முகத்தைப் பார்த்தார் மாமா. (மரியாதை இரண்டு பக்கமும் இருந்தது.)

"குறை நினைக்காதேங்கோ, பிறேக்கை..." முன்சில்லு இறங்கியது. "...ஒருக்கால்..." தண்ணீர் மிதிபலகைக்கு மேலே வந்தது. "...பிடியுங்கோ."

லொறி நின்றது. மாமா இடுப்பளவு தண்ணீரில், ஸ்ரியறிங்கை விடாமல் இருந்தார்.

"பிடிச்சிட்டன். இனி என்ன செய்யோணும்?"

பின்னால் மாமியின் குரல்: "உந்த விசரனுக்கோ என்ர பிள்ளை? இஞ்சாருங்கோ, உந்தக் கதையை இண்டைக்கே முறியுங்கோ!"

பூமணி ஒரு காற்செருப்பு இல்லாமல் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏன் அத்தான், 'பிடி' எண்டு கத்தினா வாய் வெந்துபோமோ?"

லொறி வாய்க்காலை அடைத்துவிட்டதால், தங்கள் முறைத் தண்ணீரைக் களவெடுத்தது யார் என்று கேட்டுக்கொண்டு கீழ்க்காணிக்காரர் மண்வெட்டியோடு வந்தார்கள். கண்டதும் கோபம் போய்விட்டது. வயிற்றைப் பிடித்துச் சிரிக்கக் கை தேவைப்பட்டு மண்வெட்டியைக் கீழே வைத்தார்கள். நாலு சோடி எருமை பூட்டி இழுத்தார்கள். அவற்றுக்கு ஒரே சொல்லில்தான் கட்டளை. உடனே கேட்டன. எருமைகளைவிடக் கேவலமாக நான் நின்ற நாள் அது. முன் 'எல்' பலகை வாய்க்காலோடு போயிற்று.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பூமணி இனி எனக்கில்லை என்றே இருந்தேன். நாலாம் நாள் மாமா எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்து, அம்மாவிடம் "கலியாணத்துக்கு நாளைப் பார், தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டு, தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனார். மாமியை எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இன்றும் எங்கள் வீட்டில் பால் பொங்கினால் பிள்ளைகள் ஓடிப்போய் அடுப்பை அணைப்பதில்லை. "அம்மா, குறை நினைக்காதேங்கோ..." என்று ஆறுதலாகத் தொடங்குவார்கள். பால் அடுப்புக்குள் போனபிறகுதான் வசனம் முடியும்.

கலியாணம் முடிந்த அடுத்த மாதம், நெல் மூட்டைகளோடு புதுக்குடியிருப்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஸ்ரியறிங்கில் நான், பக்கத்தில் மாமா. நல்ல நேரம் என்று நினைத்துக் கேட்டேன்:

"மாமா, அவ்வளவு கூத்துக்குப் பிறகும் என்னட்டை என்னத்தைக் கண்டு பூமணியைத் தந்தனீங்கள்? என்ர மரியாதையையோ?"

மாமா வெற்றிலையை வெளியே துப்பினார்.

"லொறிக்கு றைவர் தேவைப்பட்டது."